தீவில் ஆறு நாள், ஒரே அறையில்

இன்று காலை இட்லி மாவை எடுக்க ஃபிரிட்ஜைத் திறந்தேன். குண்டானின் வாயில் நீங்கள் கொடுத்த பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருந்தது. குளிக்கும்போது தலை நனையாமல் இருக்க விடுதிகளில் வைப்பார்களே, அந்தத் தொப்பி. எலாஸ்டிக் தளர்ந்துவிட்டது, ஒரு ஓரம் லேசாகக் கிழிந்தும் இருக்கிறது. மாவு பொங்கி அதன் உட்புறத்தில் ஒட்டியிருந்தது. கழுவிக் கொடியில் காயப்போட்டேன். அதற்குப் பிறகு இட்லி ஊற்றத் தோன்றவில்லை.

அந்தமானில் தங்கிய மூன்று விடுதிகளிலிருந்தும் ஐந்து தொப்பிகள் சேர்த்தீர்கள். "இத்தப் போயி எவ தலையில மாட்டுவா? மாவு குண்டானுக்கு மூடி ஆவும்" என்று மூன்றை உங்கள் பையில் வைத்துக்கொண்டு இரண்டை என்னிடம் கொடுத்தீர்கள். ஒன்று முதல் வருஷமே போய்விட்டது. இது இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

வருகிற ஐப்பசி வந்தால் நீங்கள் போய் ஒரு வருஷம். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. கல்யாணமான புதிதில் அம்மாவுக்கு எழுதியதோடு சரி. ஆனாலும் வீட்டுக்காரர் கரும்புக் கொல்லைக்குப் போன பிறகு, பேத்தி யாழினியின் பழைய நோட்டில் மீதியிருந்த தாள்களை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். போனில் உங்கள் நம்பர் அப்படியேதான் இருக்கிறது. அழிக்க மனம் வரவில்லை.

நமக்குள் உறவு வந்தது பிள்ளைகளால். அதற்கு முன்னால் நமக்குள் இருந்ததற்கு என்ன பெயர் சொல்வது என்று தெரியவில்லை. நான் இருபது வயதில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோதே நீங்கள் எங்கள் நிலத்தில் நடவு நட்டுக்கொண்டிருந்தீர்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன், வா போ என்றேன். நீங்கள் என்னை அம்மா என்றீர்கள். அது தப்பு என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

உங்கள் மகன் பிரான்சிஸ் டிப்ளமோ படித்துத் திருவாண்டார்கோயில் பக்கத்துக் கம்பெனி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்ததும் உங்களைக் கொல்லை வேலைக்கு அனுப்புவதை நிறுத்திவிட்டார். மூன்று வருஷம் கழித்து என் ரேவதி அதே கம்பெனியின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தாள். இருவரும் கிருமாம்பாக்கத்தில் ஒரே கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். ஒருநாள் பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வில்லியனூரில் வாடகை வீடு பார்த்துக் குடிபோனார்கள். இங்கே என் வீட்டுக்காரர் இரண்டு வருஷம் மகளின் பெயரை உச்சரிக்கவில்லை. நான் உச்சரித்தால் எழுந்து போய்விடுவார்.

யாழினி பிறந்தபோது அவருக்குத் தெரியாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். ரேவதியின் கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் உட்கார்ந்திருந்தீர்கள். என்னைப் பார்த்ததும் எழுந்துவிட்டீர்கள். நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்து கையை நீட்டினேன். நீங்கள் குழந்தையை என்னிடம் கொடுத்துவிட்டுச் சுவரோரம் நின்றீர்கள். ஒரு மணி நேரம் நான் அங்கே இருந்தேன். அந்த ஒரு மணி நேரமும் நின்றுகொண்டே இருந்தீர்கள்.

பேத்தி வந்த பிறகு இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்தது. ரேவதி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துபோக ஆரம்பித்தாள். மாப்பிள்ளை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டு வாசலோடு போய்விடுவார். பிறகு ஒருநாள் உள்ளே வந்து காபி குடித்தார். வீட்டுக்காரர் அவரிடம் மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசினார். உங்களை மட்டும் யாரும் கூப்பிடவில்லை. நீங்களும் வரவில்லை.

நான் உங்களை எங்கே பார்த்தாலும், ரேவதி வீட்டிலோ யாழினியின் பிறந்தநாளிலோ, எப்படிப் பேசினேன் என்பதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். நீ என்று சொன்னால் மகள் முறைப்பாள். நீங்க என்று சொல்ல நாக்கு வரவில்லை. அதனால் இரண்டும் இல்லாமல் பேசக் கற்றுக்கொண்டேன். "சாப்ட்டாச்சா?" "எப்ப வந்தது?" "பஸ்ஸு கெடச்சிதா?" ஐந்து வருஷம் அப்படியே ஓட்டினேன். இந்தத் தமிழில் அதற்கு இவ்வளவு வசதி இருக்கிறது என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

யாழினிக்கு ஐந்து வயதானபோது ரேவதி வந்து அந்தமான் போகலாம் என்றாள். பொங்கல் முடிந்த வாரம், ஆறு நாள், மூன்று விடுதி. வீட்டுக்காரர், ஆலையிலிருந்து கரும்பு வெட்ட ஆர்டர் வந்துவிட்டது, என்னால் முடியாது, நீ வேண்டுமானால் போய்விட்டு வா என்றார். அந்த வேண்டுமானால் எந்த வகை என்று எனக்குப் புரியவில்லை. நான் பைக்குள் புடவை மடித்து வைத்துக்கொண்டிருந்தபோதுதான் ரேவதி, அத்தையும் வருகிறார்கள் என்று சொன்னாள். சரி என்றேன். யார் யாருக்கு எந்த அறை என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விமானத்தில் யாழினியை நடுவில் உட்காரவைத்துக்கொண்டோம். அது மேலே எழும்பும்போது நீங்கள் சிலுவை போட்டுக்கொண்டீர்கள். நான் முருகா என்றேன். குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானும் ஒரு சிலுவை போட்டுக்கொண்டு முருகா என்றது. நீங்கள் சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் நாம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிக்கவில்லை.

போர்ட் பிளேரில் முதல் விடுதி. மூன்றாவது மாடி. பிரான்சிஸ் ஒரு அட்டையை என் கையில் கொடுத்து, நீங்கள் இருவரும் இந்த அறை, நாங்கள் மூவரும் அடுத்த அறை என்றார். கதவைத் திறந்ததும் நடுவில் ஒரே ஒரு பெரிய கட்டில். வெள்ளை விரிப்பு, அதன் மேல் அன்னம் போல மடித்துவைத்த துண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் படுத்து எழலாம் என்றுதான் வந்தோம். இருவரும் கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அலமாரியில் இருந்த போர்வையை எடுத்து ஜன்னல் ஓரமாகத் தரையில் விரித்தீர்கள். "நான் இப்டி ஓரமா சாஞ்சிக்கிறேம்மா" என்றீர்கள். நான் கட்டிலில் ஏறி, உங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு படுத்தேன். நான்கு பேர் படுக்கலாம் அந்தக் கட்டிலில். எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தொண்டை வரைக்கும் வந்தது. என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியாமல் அங்கேயே நின்றுவிட்டது. சொல்ல மனமில்லை என்பதும் உண்டு. உங்களிடம் இப்போது எதை மறைக்க?

அந்த ஊரில் ஐந்து மணிக்கெல்லாம் சூரியன் இறங்கிவிடுகிறது என்று நீங்கள் ஆச்சரியப்பட்டீர்கள். நம் ஊரில் அந்த நேரத்தில் மாடு கூட வீடு திரும்பியிருக்காது என்றீர்கள். இரவும் நீங்கள் தரையில்தான், நான் கட்டிலில்தான்.

மறுநாள் காலை ஹேவ்லாக் தீவுக்குக் கப்பல். கரை மறைந்து பத்து நிமிஷத்தில் கப்பல் ஆடத் தொடங்கியது. எனக்கு வயிற்றைப் புரட்டியது. ரேவதி குழந்தையோடு நாலு வரிசை முன்னால் இருந்தாள். கூப்பிடக் குரல் வரவில்லை. நீங்கள் எப்படித்தான் பார்த்தீர்களோ, நான் குனிவதற்குள் பிளாஸ்டிக் பை என் வாய்க்கு நேரே இருந்தது. "வுடுங்க, எல்லாம் வெளிய வரட்டும்" என்று முதுகைத் தடவிக்கொண்டே இருந்தீர்கள். பையில் விழாதது உங்கள் கையில் விழுந்தது. நீங்கள் முகம் சுளிக்கவில்லை. உங்கள் முந்தானையாலேயே என் வாயைத் துடைத்துவிட்டு, சுருக்குப்பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி மூக்கருகே பிடித்தீர்கள். புறப்படும்போதே எனக்காக எடுத்துவைத்ததா என்று கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. என் தலையைச் சாய்த்து உங்கள் தோளில் வைத்துக்கொண்டீர்கள். தேங்காய் எண்ணெயும் தைலமும் கலந்த வாசனை. அந்த வாசனையிலேயே தூங்கிப்போனேன். கண் விழித்தபோது தீவு வந்துவிட்டது. தோள் மரத்துப்போயிருக்க வேண்டும், நான் எழுந்ததும் மெதுவாகக் கையைச் சுழற்றிக்கொண்டீர்கள்.

ஹேவ்லாக்கில் கடலுக்குப் பக்கத்திலேயே மரக்குடில்கள். நம் குடிலில் இரண்டு கட்டில், தனித்தனியாக. அதைப் பார்த்ததும் எனக்கு நிம்மதியாக இருந்தது. கப்பலில் உங்கள் தோளில் தூங்கியவள், இரண்டு கட்டிலைப் பார்த்து நிம்மதிப்பட்டேன்.

அடுத்த நாள் காலை நடந்தது உங்களுக்கும் மறந்திருக்காது. சாப்பாட்டுக் கூடத்தில் எல்லாவற்றையும் வரிசையாக வைத்து, வேண்டியதை நாமே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். நீங்கள் முதலில் ஒரு தட்டில் இட்லியும் அவித்த முட்டையும் எடுத்துவந்து என் முன்னால் வைத்தீர்கள். பிறகுதான் உங்களுக்கு எடுக்கப் போனீர்கள். தண்ணீர் ஊற்ற வந்தவர் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். நம் பேச்சைக் கேட்டு மகிழ்ந்து, எந்த ஊர் என்று விசாரித்தார். பாகூர் பக்கம் என்றேன். நீங்கள் தட்டோடு வந்து உட்கார்ந்ததும் நம் இருவரையும் பார்த்து, "அக்கா தங்கச்சியாம்மா நீங்க?" என்று கேட்டார்.

நீங்கள் உடனே சொன்னீர்கள்: "இல்ல தம்பி. நான் அவங்க கொல்லையில வேல செஞ்சவ."

அவர் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருப்பது போல நின்றார். நான் முட்டையை உரித்துக்கொண்டே, தேங்காய்ச் சட்னி இருக்கிறதா என்று கேட்டேன்.

பின்னால் ரேவதி நின்றிருந்தது எனக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்து எல்லோரும் கடலுக்குப் போனோம். கரை வரைக்கும் பெரிய பெரிய மரங்கள், அவற்றின் நிழலில் வெள்ளை மணல். நீங்கள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு யாழினியை இடுப்பில் வைத்துத் தண்ணீருக்குள் இறங்கினீர்கள். நான் எல்லோருடைய செருப்புகளுக்கும் காவலாக நிழலில் உட்கார்ந்தேன். ரேவதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். கடலைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"அவங்க அப்டி சொன்னதுகூட எனக்குப் பெருசா தெரிலம்மா. நீ சட்னி கேட்ட பாரு."

நான் செருப்புகளை நேராக அடுக்கினேன்.

"நேத்து கப்பல்ல யார் தோள்ல படுத்துனு வந்த? அவங்க எனக்கு மாமியார். எனக்குப் பிரசவத்துக்கு, காய்ச்சலுக்கு, எல்லாத்துக்கும் அவங்கதான் ஓடியாந்தாங்க. ஒன்னால முடியலன்னா சொல்லிடு. நாளைக்குக் கப்பல்ல ஒன்னக் கொண்டும்போயி வுட்டுட்டு வரச் சொல்றேன்."

அவள் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவள் கண் கலங்கவுமில்லை. முடிவெடுத்துவிட்டுத்தான் பேசுகிறாள் என்று தெரிந்தது. அப்பாவை இரண்டு வருஷம் இழந்தவள், என்னையும் இழக்கத் தயாராகத்தான் இருந்தாள். அங்கே தண்ணீரில் நீங்கள் அலைக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு குழந்தையை உயரத் தூக்கினீர்கள். இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கரை வரைக்கும் வந்தது. நான் போகவில்லை, இங்கேயே இருக்கிறேன் என்று மட்டும் ரேவதியிடம் சொன்னேன். அவள் தலையசைத்துவிட்டு உங்களிடம் போய்விட்டாள். அன்றைக்கு முழுவதும் நீங்கள் எப்போதும் போலத்தான் இருந்தீர்கள். எனக்குத்தான் ஒரு வாய் சாப்பாடும் இறங்கவில்லை.

மூன்றாவது தீவு நீல். சின்னத் தீவு. படகுத்துறையிலிருந்து போகிற வழியெல்லாம் கத்தரியும் பூசணியும், நடுநடுவே அறுவடையான நெல்வயல்கள். ஆட்டோவிலிருந்து கழுத்தை வெளியே நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டே வந்தீர்கள். விடுதி ஒரு வயலின் ஓரத்தில் இருந்தது. அறையைத் திறந்தால் மறுபடியும் ஒரே கட்டில்.

பையை வைத்துவிட்டு நீங்கள் போர்வையைத் தேடி அலமாரிப் பக்கம் போனீர்கள். நான் முந்திக்கொண்டேன். போர்வையை எடுத்துத் தரையில் விரித்து, அதில் உட்கார்ந்துவிட்டேன்.

"இன்னாம்மா இது?" என்றீர்கள்.

"நீங்க மேல படுங்க" என்றேன். வாழ்க்கையில் முதல் முறையாக உங்களை நீங்க என்று சொன்னேன். நாக்கு ஒன்றும் அறுந்துவிடவில்லை. "இல்லன்னா ரெண்டு பேரும் மேல படுப்போம். நீங்க மட்டும் கீழ படுக்கறது வேணாம்."

நீங்கள் அழுவீர்கள் என்றோ, கையைப் பிடித்துக்கொள்வீர்கள் என்றோ நான் எதிர்பார்த்திருந்தேன் போலிருக்கிறது. நீங்கள் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து, மெத்தையை உள்ளங்கையால் இரண்டு முறை அமுக்கிப் பார்த்தீர்கள்.

"இந்த மெத்த குழி மாதிரி உள்ள போவுதும்மா. நடவு நட்ட முதுகு. இதுல படுத்தா எழுந்துக்க முடியாது. அதான் கீழ படுத்தேன்."

எனக்கு முகம் எரிந்தது. மூன்று நாளாக நான் மனசுக்குள் நடத்திக்கொண்டிருந்த நாடகம் முழுவதும் வெறும் முதுகுவலி தானா என்று நினைத்தேன். எழுந்து நின்றேன். நீங்கள் என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி மெதுவாகச் சொன்னீர்கள்.

"ஆனா அன்னிக்கு நீங்க மேல கூப்டுவீங்களான்னு ரொம்ப நேரம் முழிச்சிக்கினு இருந்தேன்."

நான் உங்கள் பக்கத்தில் போய்க் கட்டிலில் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்ற வார்த்தை நம் வீடுகளில் பேச்சில் புழங்குவதில்லை. நான் அதைச் சொல்லவில்லை. அழுதேன். நீங்கள் சமாதானம் சொல்லவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டீர்கள். அது எவ்வளவு சரி என்று பிறகுதான் புரிந்தது. கடைசியில் யாழினி வந்து கதவைத் தட்டி, கண்ணாடிப் படகில் மீன் பார்க்க நேரமாகிவிட்டது என்று கத்தினாள்.

மறுநாள் விடிந்ததும் வயலுக்குப் போகலாம் வாருங்கள் என்று என்னை எழுப்பினீர்கள். விடுதியின் பின்வேலியைத் தாண்டினால் அறுவடை முடிந்த நெல்லின் அடித்தாள். நீங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினீர்கள். நானும் கழற்றினேன். முப்பத்தைந்து வருஷமாக நிலம் உள்ள வீட்டில் வாழ்கிறேன், அறுத்த தாளில் வெறுங்காலோடு நடந்தது அன்றைக்குத்தான். குத்தியது. "காலைத் தூக்கி வெக்காதீங்க, தேச்சினு வாங்க, குத்தாது" என்றீர்கள். நீங்கள் குனிந்து தாளைப் பிடித்துப் பார்த்தீர்கள். அறுத்து ஒரு மாதம் ஆகியிருக்கும், ரொம்ப மேலே அறுத்திருக்கிறார்கள், மாட்டுக்கு வைக்கோல் வேண்டாம் போலிருக்கிறது என்றீர்கள். வரப்பில் கத்தரி பறித்துக்கொண்டிருந்த வங்காளத்துப் பெண் ஒருத்தி நம்மைப் பார்த்துச் சிரித்தாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு அவள் பேச்சு தெரியாது. ஆனாலும் பத்து நிமிஷம் இரண்டு பேரும் கையைக் காட்டிக் காட்டிப் பேசினீர்கள். வரும்போது இரண்டு கத்தரிக்காய் வாங்கி வந்தீர்கள். விடுதியில் எங்கே சமைப்பது என்று கேட்டேன். கொடுக்கிறவளிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றீர்கள்.

வரப்பில் உட்கார்ந்திருந்தபோதுதான் நீங்களாகவே அதைச் சொன்னீர்கள்.

"அந்தத் தம்பி கேட்டப்ப நான் ஏன் முந்திக்கினு சொன்னேன் தெரியுமா? நீங்க இன்னா சொல்வீங்களோன்னு பயம். நீங்க சொல்லி என் காதால கேக்கறதுக்கு, நானே சொல்லிட்டா வலிக்காதுன்னு பாத்தேன்."

வலித்ததா என்று கேட்டேன்.

"சட்னிதான் வலிச்சிது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறகு வந்தது. ஆஸ்பத்திரியில் நாற்காலியிலிருந்து எழுந்ததையும் சொன்னீர்கள். எழுந்திரு என்று யாரும் சொல்லவில்லை, உடம்பு தானாக எழுந்துவிட்டது, வீட்டுக்குப் போய் உங்கள்மேலேயே உங்களுக்குக் கோபம் வந்தது என்றீர்கள். "பேத்திய மடியில வெச்சினு எழுந்துட்டேன் பாருங்க. அத்த நெனச்சிதான் ரெண்டு நாளு சோறு எறங்கல." எங்கள் ஏரிக்கரை நிலத்தின் எந்த மூலையில் சேறு ஆழம், எந்த மூலையில் பயிர் மஞ்சளாகும் என்று வரிசையாகச் சொன்னீர்கள். அந்த நிலத்தைப் பற்றி என்னைவிட உங்களுக்குத்தான் நிறையத் தெரியும். திரும்பி நடக்கும்போது, தடுக்கி விழப்போன என்னைப் பிடித்து, "பாத்து வாங்க சம்மந்தி" என்றீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் என்னை அம்மா என்று கூப்பிடவே இல்லை.

அன்று மதியம் கடலில் தண்ணீர் வற்றிப் பாறைகள் வெளியே தெரிந்தன. உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு வெகுதூரம் நடந்தேன். சங்குக்குள் குடியிருக்கிற நண்டுகளை யாழினி எண்ணிக்கொண்டே வந்தாள். ரேவதி பின்னாலிருந்து போட்டோ எடுத்தாள். அதில் நம் முகம் தெரியாது. முதுகுதான் தெரியும், முட்டிவரை தூக்கிச் செருகிய இரண்டு புடவைகளும்.

ஊருக்கு வந்த பிறகு எவ்வளவு பேசினோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் போன் செய்வீர்கள். ஈஸ்டருக்கு முதல் முறையாகக் காலனிக்கு, உங்கள் வீட்டுக்கு வந்தேன். வழியில் நின்றவர்கள் பார்த்தார்கள். நீங்கள் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப் போனீர்கள். கறிக்குழம்பில் உங்கள் கை கொஞ்சம் காரம் அதிகம். அதற்குப் பிறகு ஐந்து முறை வந்தேன். ஒவ்வொரு முறையும் வயிறு நிறையச் சாப்பிட்டேன். வீட்டில், தவளக்குப்பம் கடைத்தெரு வரைக்கும் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் வருவேன்.

எங்கள் வீட்டுக்கு உங்களை நாலு முறை அழைத்தேன். முதல் முறை நாத்தனார் வந்துவிட்டாள் என்று தள்ளிவைத்தேன். இரண்டாவது முறை தேர்த்திருவிழா, வீடு நிறையச் சொந்தக்காரர்கள் என்றேன். மூன்றாவது முறை நடவு என்றேன். நான்காவது முறை எனக்குக் காய்ச்சல் என்றேன். காய்ச்சல் இல்லை. வீட்டுக்காரர் என்ன சொல்வாரோ, தெருவில் என்ன பேசுவார்களோ என்ற பயம்தான். ஒவ்வொரு முறையும் "பரவால்ல சம்மந்தி, அப்பால பாத்துக்கலாம்" என்றீர்கள். குரலில் ஒன்றும் காட்டமாட்டீர்கள்.

போன ஐப்பசி மழையில் உங்களுக்குக் காய்ச்சல் வந்தது. சளி நுரையீரலுக்கு இறங்கிவிட்டது என்று ரேவதி அழுதாள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு படுத்திருந்தீர்கள். நான் உங்கள் கட்டிலிலேயே உட்கார்ந்துகொண்டேன். சரியானதும் நம் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும், இந்த முறை யார் வந்தாலும் சரி என்றேன். நீங்கள் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னீர்கள்.

"வரேன். தேதி மட்டும் சொல்லாதீங்க சம்மந்தி. சொன்னா தள்ளிப்போவுது."

இரண்டு நாள் கழித்து, விடியற்காலையில் போய்விட்டீர்கள்.

கல்லறைத் தோட்டத்தில் அன்றைக்கும் மழை. என் வீட்டுக்காரர் வண்டியில் என்னைக் கொண்டுவந்து விட்டார். விட்டுவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். குழியை மூடி முடிக்கும் வரைக்கும் நனைந்துகொண்டே நின்றார். பிரான்சிஸ் மண் போட்டுவிட்டுத் திரும்பியபோது அவர் தோளில் வீட்டுக்காரர் கையை வைத்தார்.

இந்தக் கடிதத்தை எழுத வைத்தது மாவுக் குண்டான் மட்டும் என்று சொன்னால் அது பொய். போன வாரம் ஒரு மதியம். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே வீட்டுக்காரர் கேட்டார்.

"அந்தம்மா ஒருநாளும் இங்க சாப்ட வரலயே. நீ கூப்டலயா?"

கூப்பிட்டேன், அவர் என்ன சொல்வாரோ என்று நானே தள்ளித் தள்ளி வைத்துவிட்டேன் என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"என்கிட்ட ஒரு வாட்டி கேட்டுருக்கலாம்" என்றார். கொல்லைக்குப் போய்விட்டார்.

கேட்டிருந்தால் சரி என்று சொல்லியிருப்பாரா? இப்போது அப்படித்தான் சொல்வார். அப்போது என்ன சொல்லியிருப்பார் என்று எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. ஆனால் ஒன்றே முக்கால் வருஷம் அவரை ஒரு தடையாக வைத்துக்கொண்டு அதன் பின்னால் நான் நின்றிருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவர் சரி என்று சொல்லிவிடுவாரோ என்றுகூடப் பயந்திருக்கிறேனோ என்று இப்போது சந்தேகம் வருகிறது. அவர் சரி என்று சொல்லிவிட்டால், அதற்குமேல் தள்ளிவைக்க எனக்கு ஒரு காரணமும் இருந்திருக்காது.

சம்பந்தி, நடவுக் காலத்தில் மற்றப் பெண்களோடு நீங்கள் எங்கள் தோட்டத்துக் கதவுக்கு வெளியே வரிசையில் நிற்பீர்கள். நான் உயரத்திலிருந்து கூழை ஊற்றுவேன், நீங்கள் தூக்குச் சட்டியை ஏந்துவீர்கள். இத்தனை வருஷத்தில் என் கையால் நீங்கள் சாப்பிட்டது அந்தக் கூழ்தான்.